மோதும் பொறியும் மோட்டார்க் கடையும்

 

சென்ற இதழில் ஸகாத்தின் கணக்கு முறைகளைப் பற்றி எழுதத் தொடங்கி, மீதியை இம்மாதம் முடிப்பதாகக் கூறியிருந்தேன். அந்த வாக்கை ஒரு மாதம் தள்ளிவைப்பதற்கு என்னைப் பொறுத்தருள வேண்டும். காரணம், ஓர் இரவு இஷா தொழுகைக்குப் பின் எங்கள் மதரஸாவின் வாசலுக்கு வந்து சேர்ந்த ஓர் அட்டைப் பெட்டி.

அதைச் சுமந்து வந்தவர், என்னிடம் ஐந்து ஆண்டுகள் குர்ஆன் ஓதிய மாணவன் ஒருவனின் தாயார். பெட்டியைத் திறந்ததும் கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. பாதி உருகிய பிளாஸ்டிக், இரண்டு சிறு சக்கரங்கள், நரம்புபோல் பிய்ந்து தொங்கும் கம்பிகள், அவற்றின்மீது கருகிப்போன கோரைப்பாயின் ஒரு துண்டு. அந்தப் பாய்த் துண்டை அவர் வேண்டுமென்றேதான் சேர்த்துக் கொண்டு வந்திருந்தார்.

"ஹஜ்ரத், இதைச் செய்வது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா? கூடாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனுடைய அத்தா நாளைக்கே எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவார்" என்றார்.

பையன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தேர்வுக் கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியை இந்தப் பெட்டியில் போட்டிருக்கிறான். அதைக்கூட அந்தத் தாய் மன்னித்துவிட்டார். மன்னிக்க முடியாதது முந்தைய இரவு நடந்தது. மின்கலம் தீப்பற்றிப் பாய் எரிந்தபோது, அடுத்த அறையில் அவருடைய சின்ன மகள் உறங்கிக் கொண்டிருந்தாள்.

கூடாது என்று சொல்வது எனக்கு மிக எளிது. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடவும் தோன்றியது. ஆனால் ஒரு வீட்டின் அச்சத்தைத் தணிப்பதற்காக மார்க்கத்தின் பெயரால் தடை விதிக்கும் உரிமை எனக்கில்லை. அல்லாஹ் தடுக்காததைத் தடுப்பதும் அவன்மீது பொய்யுரைப்பதே. எனவே, "இது என்னவென்றே எனக்குத் தெரியாது, தாயே. தெரிந்துகொண்ட பின் சொல்கிறேன். அதுவரை பெட்டி என்னிடம் இருக்கட்டும்" என்று கூறி வாங்கி வைத்துக் கொண்டேன்.

மறுநாள் பையனை அழைத்து வினவினேன். இரண்டு ரோபோக்களைக் கூண்டுக்குள் விட்டு மோதவிடும் போட்டிக்காகச் செய்தது என்றான். ரோபோ என்றால் இயந்திர மனிதன் என்றுதான் நாமெல்லாம் படித்தோம். அவன் காட்டிய படங்களில் மனிதச் சாயலே இல்லை. சக்கரம் வைத்த ஆமை, வாயில் சுழலும் இரும்பு வைத்த தவளை என்று சொல்லலாம். இவை தாமாகச் சிந்தித்து ஓடுபவையும் அல்ல. கூண்டுக்கு வெளியே நிற்பவர் கையில் ரிமோட் இருக்கும். அவர் ஓட்டுவார், இது ஓடும். ரோபோ என்ற பெயர் சற்றே பெரிய பெயர்தான்.

இந்த விளையாட்டின் பிறப்பு விந்தையானது. மார்க் தார்ப் என்ற அமெரிக்கக் கலைஞர் 1992இல் ரிமோட்டால் ஓடும் தூசு உறிஞ்சி ஒன்றைச் செய்ய முயன்றார். வீடு பெருக்குவதற்கு அது உதவவில்லை. அந்தத் தோல்வியிலிருந்து பிறந்த எண்ணம், 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் 'ரோபோ யுத்தம்' போட்டியாக நடந்தது. 1998இல் பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சி அதைத் தொடராக்கியது. நம் நாட்டில் இதை வளர்த்தவை பொறியியல் கல்லூரிகளின் விழாக்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் 1998இல் தொடங்கிய டெக்ஃபெஸ்ட் விழாவில் 60 கிலோ எடையுள்ள இயந்திரங்கள் மோதும் போட்டிக்கு வெளிநாட்டவரும் வருகின்றனர். நம் பக்கத்தில், வேலூர் வி.ஐ.டி.யின் கிராவிடாஸ் விழாவிலும் ரோபோ யுத்தம் உண்டு. குத்துச்சண்டையைப் போலவே இங்கும் எடைப் பிரிவுகள் இருக்கின்றன. எங்கள் மாணவன் குறிவைத்தது ஒன்றரைக் கிலோ பிரிவு. வண்டுப் பிரிவு என்ற பொருளில் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர்.

நிற்க. பொறி செய்வது நம் மரபுக்குப் புதியதன்று என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். கலைப் பட்டதாரியாகிய எனக்கு இந்தப் பெட்டியில் முதலில் பிடிபட்டது இந்த ஒன்றுதான். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதில் முஹம்மத், அஹ்மத், ஹஸன் என்ற பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் விந்தைப் பொறிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினர். அவர்களுக்குப் பின் அர்துகீ அரசர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரி, 1206இல் ஐம்பது பொறிகளை விளக்கும் நூலை முடித்தார். உளூச் செய்ய நீர் வார்க்கும் பொறி அவற்றுள் ஒன்று. அரசவை அறிஞராயிருந்தும் அவர் எழுதியது கைவினைஞனுக்காக. எந்தத் துண்டை எப்படி வெட்டுவது, எப்படிப் பொருத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். நம் தருமபுரியும் அடங்கிய பாராமகால் நிலப்பகுதி 1792 வரை திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அவருடைய மரப்புலி இன்றும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், கீழே கிடக்கும் ஐரோப்பியன் கையை அசைத்து அலறுவான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது வெள்ளையர் எடுத்துச் சென்றது அது.

இவ்வளவையும் அந்தப் பையனிடம் பெருமையோடு எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஹஜ்ரத், என் பேட்டரி ஏன் எரிந்தது?" என்றான்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. விடை இருந்த இடம் பென்னாகரம் சாலையில் உள்ள ஒரு சிறிய கடை. அது அவனுடைய தந்தையின் கடை.

நம் மாவட்டத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் என்பது உங்களுக்குத் தெரியும். ஆழ்துளைக் கிணறுகளுக்குள் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டார்கள் எரிந்து மேலே வரும். அவற்றுக்குக் காயில் கட்டிக் கொடுப்பது அந்தச் சகோதரரின் தொழில். முப்பது ஆண்டுகளாகச் செய்கிறார். பெட்டியை அவர்முன் வைத்தேன். முதலில் தொட மறுத்தார். "படிக்க அனுப்பினால் விளையாட்டுச் சாமான் செய்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறான்" என்றார். நான் ஒன்றும் பேசாமல் தேநீர் அருந்தினேன். சற்று நேரத்தில் அவர் கை தானாகவே பெட்டிக்குள் போயிற்று. எரிந்த மோட்டார் ஒன்று எதிரே இருக்கும்போது அவரால் எத்தனை நேரம் சும்மா இருக்க முடியும்!

மின்கலத்தின் கதையை அவர்தான் பையனிடம் கேட்டுக் கேட்டு வெளிக்கொணர்ந்தார். அது லிதியம் பாலிமர் வகை. மூன்று அறைகள் கொண்டது. ஓர் அறைக்கு முழு மின்னூட்டத்தில் 4.2 வோல்ட், மூன்றுக்கும் சேர்த்து 12.6 வோல்ட். அதற்குமேல் ஒரு துளியும் ஏற்றக் கூடாது. அறை ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கவும் கூடாது. இதற்கென்றே, மூன்று அறைகளையும் தனித்தனியே அளந்து சமமாக ஏற்றும் சார்ஜர் விற்கிறது. அந்தச் செலவை மிச்சப்படுத்தப் பையன் ஸ்கூட்டர் பேட்டரியின் சார்ஜரில் மாட்டிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான். ஈய அமிலப் பேட்டரிக்கான அந்தச் சார்ஜர் 14 வோல்ட்டுக்கும் மேலே போகும். மின்கலம் முதலில் தலையணைபோல் ஊதி, பிறகு வெடித்துத் தீப்பிடித்திருக்கிறது.

தாய்மார்களே, இதை உங்களுக்காகவே விரிவாக எழுதுகிறேன். உங்கள் பிள்ளை ரோபோ செய்யாவிட்டாலும், பறக்கும் பொம்மையிலும் ரிமோட் காரிலும் இதே மின்கலம் வீட்டுக்குள் வருகிறது. அதற்குரிய சார்ஜர் தவிர வேறெதிலும் மாட்ட விடாதீர்கள். பாய், மெத்தை, துணி இல்லாத கல்தரையில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும் மின்னேற்றம் நடக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். ஊதிப்போன மின்கலம், ஓட்டை விழுந்த மின்கலம் இரண்டையும் 'இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்' என்று வைத்துக் கொள்ளக் கூடாது.

மின்கலம் ஒருபுறம் இருக்க, இரண்டு மோட்டார்களும் எரிந்திருந்தன. அவை எரிந்தது வேறொரு நாள். கட்டில் காலில் சக்கரம் சிக்கி நின்றபோதும் பையன் விசையை விடாமல் அழுத்தியிருக்கிறான். தந்தை சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுவே முதல்முறை என்று பையன் பிறகு சொன்னான். "போரில் மணல் அடைத்து இம்பெல்லர் சிக்கினால் மோட்டாருக்கு என்ன ஆகுமோ, அதுதான் இதற்கும் ஆகியிருக்கிறது" என்றார். சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். உள்ளே பாயும் மின்னோட்டத்தை அது தடுத்துப் பிடிக்கும். சுழற்சி நின்றுவிட்டால் அந்தத் தடையும் போய்விடும். மின்னோட்டம் உச்சத்துக்கு ஏறிக் காயில் வெந்துபோகும். ஆகவே மோட்டாரை ஓட்டும் மின்சுற்றை வாங்கும்போது, சும்மா ஓடும் நேரத்து ஆம்பியரைப் பார்க்கக் கூடாது, சிக்கி நிற்கும் நேரத்து ஆம்பியரைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பாலிடெக்னிக்கின் பாடநூலில் இதே செய்தி சூத்திரமாக இருக்கிறதாம். தன் தந்தையின் கடையில் நாள்தோறும் நடப்பதுதான் அந்தச் சூத்திரம் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த இரண்டு மாதங்கள், அஸர் தொழுகைக்குப் பின் அந்தக் கடையில் நான் பெரும்பாலும் இருந்தேன். கண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் பயன்படலாம்.

முதல் இயந்திரத்தில் பையன் செய்த பெருந்தவறு ஆயுதம். ஹேக்சா பிளேடை ஒடித்து, ஒரு வேக மோட்டாரின் தண்டில் மாட்டியிருந்தான். அது சுழலும்போது முறிந்து தெறித்தால் கண் போகும். சுழலும் ஆயுதத்தின் வலிமையைத் தொடங்குவோர் உணர்வதில்லை. ஒரு கணக்குப் பாருங்கள். 200 கிராம் எடையும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஓர் இரும்புப் பட்டை நிமிடத்துக்கு 8,000 முறை சுழன்றால், அதில் ஏறத்தாழ 130 ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கும். ஒரு கிலோ படிக்கல் 13 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடி உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம் அது. வேகத்தை இரு மடங்காக்கினால் ஆற்றல் நான்கு மடங்காகும். இதனால்தான் போட்டிகளில் பாலிகார்பனேட் தகடு வேய்ந்த கூண்டுக்குள் மட்டுமே இத்தகையவற்றை இயக்க விடுவார்கள்.

எனவே முதல் இயந்திரத்தில் ஆயுதமே வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆப்பு வடிவத்தில் ஒரு சரிவுத் தகடு போதும். எதிரியின் அடியில் நுழைந்து தூக்கித் தள்ளுவதே அதன் வேலை. சப்பென்று தோன்றலாம். ஆனால் ஓடத் தெரியாத இயந்திரத்துக்கு வாள் எதற்கு? புதியவர்களின் இயந்திரங்கள் பெரும்பாலும் எதிரியிடம் அடிபட்டுத் தோற்பதில்லை, கம்பி கழன்று, சக்கரம் சிக்கித் தாமாகவே நின்றுவிடுகின்றன.

பொருள்களை வாங்கும் முன்பே எடைக் கணக்கு போட வேண்டும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் இல்லத்தரசிக்கு இது புரியும். மொத்தம் 1,500 கிராம். இரண்டு கியர் மோட்டார்களும் சக்கரங்களும் 350, மின்கலம் 130, மின்சுற்றும் ரேடியோ ஏற்பியும் 60, உடற்சட்டம் 450, சரிவுத் தகடு 300, நட்டு, போல்ட், கம்பி எல்லாம் 100. ஆக 1,390 கிராம். மீதம் 110 கிராம் கையிருப்பு. நட்டு போல்ட்டைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டுக் கடைசி நாளில் உடலில் ஓட்டை போட்டுக் கொண்டிருப்பவர்களைப் போட்டியில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதற்கும் கணக்கு உண்டு. ஒன்றரைக் கிலோ இயந்திரம் இரண்டு சக்கரங்களில் நின்றால், சக்கரம் ஒன்றுக்கு 750 கிராம் சுமை. சக்கரத்தின் ஆரம் 2.5 சென்டிமீட்டர். ரப்பர் தரையை நன்றாகப் பற்றுகிறது என்று வைத்துக் கொண்டால், சக்கரம் வழுக்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 1.9 கிலோ சென்டிமீட்டர் முறுக்குவிசை தேவை. மோட்டாரின் உச்ச முறுக்குவிசை இதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். இருந்தால், சுவரில் முட்டினாலும் சக்கரம் வழுக்கிச் சுழலுமே தவிர மோட்டார் நின்று எரியாது. வேகம் எவ்வளவு? 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 600 முறை சுழன்றால் நொடிக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். எட்டடிக் கூண்டுக்கு இது போதும். மின்கலக் கணக்கையும் தந்தையே போட்டார். ஓர் ஆட்டம் மூன்று நிமிடம். சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தாலும் செலவு அரை ஆம்பியர் மணிதான். ஆகவே 1,000 மில்லி ஆம்பியர் மணி மின்கலம் இரு மடங்கு போதுமானது.

உடலுக்கு முதலில் பளபளப்பான அக்ரிலிக் தகட்டை வாங்கியிருந்தான். அது கண்ணாடிபோல் நொறுங்கும். அடியை வாங்கி வளைந்து கொடுக்கும் பொருளே தேவை. எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் அதற்கு மிகவும் ஏற்றது. அது எங்கே கிடைக்கும் என்று ஓசூர் வரை விசாரித்தார்கள். கடைசியில் அது அவர்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருந்தது. காய்கறி நறுக்கும் வெள்ளைப் பலகைகள் பல இந்தப் பிளாஸ்டிக்கில் செய்யப்படுபவைதாம்! தாயாரைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அதற்காகத் தந்தை, மகன் இருவரும் ஒரே நாளில் வசவு வாங்கினார்கள். உடலின் உயரம் 4 சென்டிமீட்டர்தான். சக்கரத்தைவிடக் குறைவு. எனவே கவிழ்ந்தாலும் ஓடும். 2 மில்லி இரும்புத் தகட்டில், 19 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமுமாகச் சரிவை வெட்டி, தன் எடையாலேயே அதன் விளிம்பு தரையைத் தொட்டுக் கொண்டிருக்கும்படி கீல் வைத்து மாட்டினார்கள்.

சாலிடரிங்கில் தந்தையின் கை தெரிந்தது. மகன் வைத்த பற்றுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஏழில் மூன்று கையோடு வந்துவிட்டன. ஈயத்தை உருக்கிக் கம்பியின்மேல் சொட்டினால் பற்று ஆகாது, கம்பியே சூடேறி ஈயத்தை உறிஞ்ச வேண்டும் என்று செய்து காட்டினார்.

ரேடியோவைப் பற்றி ஒன்று. ரிமோட்டின் சமிக்ஞை அறுந்துவிட்டால் இயந்திரம் தானாக நின்றுவிட வேண்டும். சில ஏற்பிகள் கடைசியாகக் கேட்ட கட்டளையையே நிறைவேற்றிக் கொண்டு ஓடும். இதைச் சோதிக்கச் சக்கரங்கள் தரையில் படாதவாறு இயந்திரத்தைக் கட்டைமேல் வைத்து ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் அதைச் சரிசெய்யாமல் தரையில் இறக்கக் கூடாது. மின்கலத்தின் இணைப்பைக் கையால் பிடுங்கக்கூடிய ஒரு துண்டும் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும்.

இனி, அந்தத் தாயாரின் வினாவுக்கு வருவோம்.

மோதவிடுவது கூடுமா? பிராணிகளை ஒன்றோடொன்று சண்டையிடத் தூண்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. நம் மாவட்டத்தில் சேவற்சண்டை பார்க்கப் போகும் நம்மவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் இதைக் கேட்கட்டும். உயிருக்கு வலிக்கும் என்பதே அங்கே தடையின் உயிர்நாடி. இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் வலி இல்லை. அங்கே பணயம் வைக்கப்படுவது செய்தவனின் உழைப்பு மட்டுமே.

உடைவதற்காகவே ஒன்றைச் செய்வது வீண்விரயம் அல்லவா? இந்த வினா என்னைச் சற்று அலைக்கழித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தெரிந்த ஆலிம் ஒருவரிடம் சென்று கேட்டேன். அவர், "பையன் அதிலிருந்து கற்கிறானா, வெறும் வேடிக்கைக்குச் செலவழிக்கிறானா என்று நீரே பார்த்துச் சொல்லும்" என்று வினாவை என்னிடமே திருப்பிவிட்டார். கட்டணப் பணத்தில் செய்தது தவறு, அதில் ஐயமில்லை. அந்தத் தொகையைப் பள்ளி விடுமுறை நாள்களில் கடையில் வேலை செய்து அவன் திருப்பித் தர வேண்டும் என்று முடிவு செய்தோம். திருப்பித் தந்துவிட்டான்.

பரிசுப் பணத்தைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. போட்டியாளர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, திரண்ட அந்தத் தொகையை வென்றவன் அள்ளிச் செல்வதாயின் அது சூதாட்டத்தின் சாயலுடையது. நடத்துபவரோ மூன்றாம் தரப்பினரோ தம் பணத்திலிருந்து பரிசளித்தால் அந்தச் சிக்கல் இல்லை என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து. பையனே கல்லூரிக்குத் தொலைபேசியில் கேட்டான். நுழைவுக் கட்டணம் கூண்டுச் செலவுக்கு, பரிசு ஒரு நிறுவனத்தின் நன்கொடை என்று விடை வந்தது. 'இதையெல்லாம் யாருமே கேட்டதில்லையே' என்று அவர்கள் வியந்தார்களாம்.

ஆயுதம் பற்றி நான் பையனுக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் நடப்பவர், பிறர்மீது பட்டுவிடாதபடி அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக் கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாகப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. ரோபோ யுத்தத்தின் விதிகளில் ஒன்று, கூண்டுக்கு வெளியே இருக்கும் நேரமெல்லாம் சுழலும் ஆயுதம் அசையாதபடி பூட்டுக் கம்பி செருகியிருக்க வேண்டும் என்பது. விதி எழுதியவர்கள் ஹதீஸ் அறிந்தவர்கள் அல்லர். ஆனால் பையனுக்கு இனி அந்த விதி மறக்காது.

முகமோ கண்ணோ வரையாமலிருந்தால் நல்லது என்று நான் கூறியதை மட்டும் அவன் முழுமனத்தோடு ஏற்கவில்லை. பிறகு ஆப்பின்மேல் கோணங்களும் நட்சத்திரங்களுமாக அவனுடைய தங்கை வரைந்து கொடுத்தாள். அன்று உறங்கிக் கொண்டிருந்த அதே சிறுமிதான்.

போட்டி நாளன்று தந்தையும் கடையை அடைத்துவிட்டு வந்தார். அதிகாலை பஜ்ருக்குப் பின் பேருந்து ஏறினோம். முதல் ஆட்டத்தில் எதிரியின் இயந்திரம் பெரிய சுழல் பட்டையுடன் வந்தது. இவனது ஆப்பு அதனடியில் நுழைந்து கூண்டின் சுவரோடு அழுத்தியதும், அதன் மின்கலக் கம்பி கழன்று அப்படியே நின்றுவிட்டது. வென்றான். இரண்டாம் ஆட்டத்தில் வந்தது அனுபவசாலி ஒருவரின் இயந்திரம். செங்குத்தாகச் சுழலும் தட்டு. முதல் அடியில் இவனது இரும்புத் தகடு காகிதம்போல் மேல்நோக்கிச் சுருண்டது. இரண்டாம் அடியில் ஒரு சக்கரம் கூண்டின் மூலைக்குப் பறந்தது. ஒற்றைச் சக்கரத்தில் வட்டமடித்துக் கொண்டே இருந்தான், நடுவர் பத்து எண்ணும்வரை. நானும் கூட்டத்தோடு சேர்ந்து கத்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தந்தை கத்தவில்லை. கையைக் கட்டிக் கொண்டு பார்த்துக் கொண்டே இருந்தார்.

வென்ற இளைஞர் தம் கருவிப் பெட்டியுடன் வந்து, சுருண்ட தகட்டை நிமிர்த்த உதவட்டுமா என்று கேட்டார். அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேண்டாம் என்று தந்தை மறுத்துவிட்டார். அந்த வளைவு அப்படியே இருக்கட்டும், அடி எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும் என்றார்.

திரும்பும் பேருந்தில் அதை மடியில் வைத்துக் கொண்டு வெகுநேரம் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மகனிடம், "இது இரண்டு மில்லி. மூன்று மில்லி போட்டால் எடை எவ்வளவு கூடும்?" என்றார்.

"150 கிராம் அத்தா. கையிருப்பு 110தான் இருக்கிறது."

"இன்னும் 40 கிராம் எங்கே குறைக்கலாம்?"

வீடு வந்து சேரும்வரை இருவரும் அதையே பேசிக் கொண்டு வந்தார்கள். சமையலறைப் பலகையில் இன்னும் எவ்வளவு வெட்டலாம் என்பது வரை பேச்சு போயிற்று. அந்தத் தாயார் மறுநாள் எனக்குச் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: புதுப் பலகைக்கான பணத்தை ஹஜ்ரத்தான் தர வேண்டுமாம்.

ஸகாத் கணக்கின் மீதி, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.